பொய் சொன்ன முள்



ஒரு பழைய வானின் பெற்றோல் மீற்றரைத் திருத்திய கதையைப் பெண்கள் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். கூட்டம் முடிந்த பிறகு மூன்று பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் கணவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டார். மூன்றாமவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தபடி, "அக்கா, இதை எழுதுங்கோ" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது 1979ஆம் ஆண்டு செய்யப்பட்ட ரொயோட்டா ஹயஸ் வான். பெற்றோலில் ஓடுவது. என் மாமனார் அதைப் பாவித்த வாகனமாக வாங்கினார். பிறகு என் கணவர் அதை வாடகைக்கு ஓடினார். கலியாண வீடு, செத்த வீடு, ஆசுபத்திரி என்று கொக்குவிலைச் சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் அதில் ஏறியிருப்பார்கள். நாங்கள் 1992இல் திருமணம் செய்தோம். அது பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்ட காலம். கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். வாகனம் போன வழியெல்லாம் புகையும் மண்ணெண்ணெய் மணமும் நிற்கும். வீட்டில் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதே மண்ணெண்ணெய்தான். ஒரு துளி சிந்தினாலும் மனம் பதறும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. எங்கள் வானில் பதினொரு பேர். அவர்களுக்கு மேலே மூட்டை முடிச்சுகள். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவே இரவு போய்விட்டது. வானை ஓட்டினோம் என்று சொல்ல முடியாது, சனத்தோடு சேர்த்துத் தள்ளினோம் என்றுதான் சொல்ல வேண்டும். கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணிக்குள் வானை விட்டோம். இவர் ஆசனங்களைக் கழற்றி வெளியே வைத்து, பலகை அடித்துப் படுக்கை போட்டார். பின் கதவைத் திறந்து சேலையைக் கட்டி மறைப்புச் செய்தோம். அந்த மறைப்புக்குள்தான் சமைத்தேன். என் மூத்த மகள் நடை பழகியதும் அங்கேதான். வெளிநாடுகளில் உல்லாசத்துக்காக வானுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். எங்களுக்கு அந்த வான் ஆறு மாதம் வீடாக இருந்தது. மழை பெய்யும்போது மரத்தின் கீழ் இருந்தவர்களின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வோம். ஒரு இரவு ஒன்பது பிள்ளைகள் அதற்குள் நித்திரை கொண்டார்கள்.

அந்த வானில் ஒரு குறை இருந்தது. பெற்றோல் மீற்றரின் முள் எந்த நேரமும் 'ஈ' எழுத்திலேயே, அதாவது வெறுமை என்ற இடத்திலேயே கிடக்கும். தாங்கி நிறைந்திருந்தாலும் அப்படித்தான். "இதை ஒருக்காத் திருத்தினால் என்ன?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "பழசு, திருத்த ஏலாது" என்பார். அதற்குப் பதிலாக ஒரு சிறிய கொப்பி வைத்திருந்தார். அடித்த பெற்றோல் எத்தனை லீற்றர், அப்போது கிலோமீற்றர் எத்தனை, அடுத்த முறை எத்தனை என்று எழுதிக்கொண்டே வருவார். ஒரு லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு பிழைத்ததை நான் கண்டதில்லை.

2007இல் ஒரு நாள் காலையில் சைக்கிளில் வேலையாக வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிக்கிற பலருக்கு அதற்குப் பிறகு என்னென்ன என்று சொல்லத் தேவையில்லை. எந்தெந்த வாசலில் நின்றோம், எத்தனை படிவம் நிரப்பினோம், எத்தனை படம் கொடுத்தோம் என்று உங்களுக்கும் தெரியும்.

வான் மாமரத்தின் கீழே ஐந்து வருடம் நின்றது. ரயர்கள் நிலத்தோடு ஒட்டிப்போயின. கோழி முட்டையிட்டது. இரும்புக்கு விற்கச் சொல்லி இரண்டு பேர் வந்து கேட்டார்கள். மனம் வரவில்லை. 2012இல் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வயதான மெக்கானிக் ஐயா ஒருவர் அதை மீண்டும் எழுப்பித் தந்தார். முதலில் ஒரு தம்பியைச் சாரதியாகப் போட்டேன். கிடைத்த வருமானம் அவருடைய சம்பளத்துக்கே காணவில்லை. அடுத்த வருடம் நானே பழகி, சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அப்போது எனக்கு 43 வயது. முதல் நாள் தெருவில் ஓடியபோது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த முகங்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன.

வாடகை ஓட்டத்தை விட எனக்கு வேறொரு தொழில் பொருந்தி வந்தது. எங்களைப் போல் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் செய்கிற மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பனையோலைப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருவிழாக்களுக்குப் போய்க் கடை போடுவோம். நல்லூர், செல்வச்சந்நிதி, வல்லிபுரம் என்று வருடத்தில் பல நாட்கள் வானுக்குள்ளேயே தங்குவோம். இவர் கொடிகாமத்தில் அடித்த அதே பலகையில்தான் நானும் இன்னொரு அக்காவும் படுப்போம். எண்ணெய்க் கணக்குக்கு அதே கொப்பி. அவருடைய எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே என்னுடைய எழுத்துத் தொடங்குகிறது.

2022 வந்தது. எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. விலை ஒரு பக்கம் இருக்க, பெற்றோலே கிடைக்கவில்லை. செற் வாசலில் ஒரு பகலும் ஒரு இரவும் வரிசையில் கிடந்திருக்கிறேன். வரிசை அசையும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை எழுப்பி நாலடி போய் நிறுத்த வேண்டும். அங்கேதான் என்னுடைய கணக்கு பிழைத்தது. வண்டி நகராமல் எரிந்த எண்ணெயைக் கிலோமீற்றர் காட்டாது. கொப்பியில் இருந்த லீற்றரும் தாங்கியில் இருந்த லீற்றரும் வேறு வேறாகிவிட்டன. அது எனக்குத் தெரியவில்லை.

அந்த மே மாதம், பூநகரிப் பக்கம் சாமான் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நான், அந்த அக்கா, அவருடைய பதின்மூன்று வயது மகள். பொழுது சாய்ந்துவிட்டது. சங்குப்பிட்டிப் பாலத்துக்கு முன்னால், வெளியும் காற்றும் மட்டும் இருக்கிற இடத்தில், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முள் 'ஈ'யில் கிடந்தது. அது எப்போதும் அங்கேதானே கிடக்கிறது! இந்த முறை அது உண்மையைச் சொன்னது என்று எப்படி அறிவது?

மூன்று பெண்கள், இருட்டு, ஆளில்லாத தெரு. அந்தப் பயத்தை விவரிக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு முறையும் அக்கா மகளை வானுக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டினார். கடைசியில் தூரத்தில் விளக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு நடந்தேன். கடற்றொழில் செய்யும் குடும்பம். அவர்களுடைய படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. அந்த நாட்களில் அவர்களுக்கும் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. என்றாலும் அந்த வீட்டுப் பெண் ஐந்து லீற்றர் கானைத் தூக்கித் தந்தார். அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் இருந்து ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் எடுத்துத் தந்தான். இவர் செய்ததைப் பார்த்திருந்த ஞாபகத்தில் பெற்றோலைக் காபரேற்றருக்கும் மண்ணெண்ணெயைத் தாங்கிக்கும் விட்டு வண்டியை எழுப்பினேன். வீடு வரும்வரை பழைய மண்ணெண்ணெய் மணம். மகள் பின்னால் இருந்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் அக்காவுக்கும் கண்ணீர் வந்தது. அது புகையால் மட்டும் வந்ததல்ல.

அடுத்த நாளே மெக்கானிக் ஐயாவிடம் போனேன். அவருக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருடம். வண்டிக்குக் கீழே படுக்க ஏலாது. "பிள்ளை, நான் கதிரையில இருந்து சொல்லுறன். நீ செய்" என்றார். "எனக்கு என்ன தெரியும் ஐயா?" என்றேன். "உனக்குத் தெரியாதெண்டு ஆர் சொன்னது? தண்ணித் தாங்கியில பந்து மிதக்கிறது தெரியுமோ? றேடியோவில சத்தம் கூட்டுற குமிழ் தெரியுமோ? அவ்வளவுதான் இது" என்றார்.

அவர் விளங்கப்படுத்தியதை அப்படியே சொல்கிறேன். பெற்றோல் தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெய் ஏற அதுவும் ஏறும், இறங்க இறங்கும். கம்பியின் மற்ற முனை, மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றிய ஒரு சிறிய தகட்டின் மேல் உரசிக்கொண்டு நகரும். றேடியோக் குமிழைப் போல, மிதவை மேலே போனால் மின்சாரம் போகத் தடை குறையும். கீழே வந்தால் தடை கூடும். தடை குறைந்தால் முள் நிறைவுப் பக்கம் போகும். கூடினால் வெறுமைப் பக்கம் விழும். தாங்கியில் இருந்து முள் வரை ஒரே ஒரு வயர்தான் செய்தி கொண்டு போகிறது. அந்த வயர் எங்காவது அறுந்தால் முள் வெறுமையிலேயே கிடக்கும்.

ஆகவே பிழை மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கலாம்: முள்ளில், வயரில், அல்லது தாங்கிக்குள். எதையும் கழற்றுவதற்கு முன் எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "கண்டபடி கழட்டுறவன் மெக்கானிக் இல்லை" என்பது ஐயாவின் முதல் பாடம்.

ஜூலை மாதம் கியூ.ஆர். முறை வந்து, வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். தாங்கியில் 20 லீற்றர் இருந்தது. வெளியான முற்றம், காற்றோட்டம், அடுப்பு எல்லாம் அணைத்தாயிற்று. தாங்கியில் இருந்து வரும் வயரின் பொருத்தைப் பிரித்து, வயர் முனையைச் சிறிது நேரம் வண்டியின் இரும்பு உடலில் தொடும்படி ஐயா சொன்னார். மகள் சாவியைத் திருப்பி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முள்ளும் நல்ல வயருமாக இருந்தால் முள் நிறைவுக்கு ஏற வேண்டும்.

"அசையேல்லை அம்மா" என்றாள்.

அப்படியானால் வயரில் அல்லது முள்ளில்தான் பிழை. கால் மிதியை உரித்து, வயர் போகும் வழியே விரலை வைத்துக்கொண்டு போனேன். சாரதி ஆசனத்தின் கீழால் போய், முன் பலகையின் கீழே கற்றையோடு சேரும் இடத்தில், என் கை எதிலோ தட்டியது. ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.

வயர் அறுந்திருக்கவில்லை. வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனைகளும் தனித்தனியாகத் துணி ரேப்பால் சுற்றப்பட்டு, வெளியே தெரியாதபடி கற்றைக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தன. ரேப்பைச் சுற்றி முடித்த இடத்தில் நுனியை உள்ளே மடித்திருந்தது. இழுத்தால் கழற்ற இலகுவாக இருக்கும் என்று அப்படி மடிப்பது இவருடைய பழக்கம். எங்கள் வீட்டு மின்குமிழ் வயரிலும் அப்படித்தான் மடித்திருக்கிறது.

நான் வண்டிக்குள் குனிந்தபடி நெடுநேரம் இருந்தேன். ஐயா வெளியே இருந்து, "என்ன பிள்ளை, கிடைச்சுதோ?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காலத்தில எண்ணெய் இருக்கிற வண்டி எண்டால் ஆரும் மறிப்பினம். இரவு எண்டும் பாராமல் வந்து கேட்பினம். உன்ர மனிசன் கண்ணாடியில தட்டிக் காட்டுவான், பாருங்கோ எண்ணெய் இல்லை எண்டு. நான் பழுதெண்டுதான் நினைச்சனான்" என்றார்.

எனக்கும் அது கண்ணில் வந்தது. கொடிகாமத்தில் தென்னங்காணிக்குள் வந்தவர்களிடம் இவர் கண்ணாடியில் விரலால் தட்டிக் காட்டுவதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெயால்தான் ஒரு விடியற்காலையில் பக்கத்து மரத்தடியில் இருந்த பிள்ளைத்தாச்சியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். எண்ணெய் இருந்தது எப்படி என்று அன்று நான் யோசிக்கவில்லை. எனக்கும் ஏன் சொல்லவில்லை என்று முதலில் கோபம் வந்தது. பிறகு விளங்கியது. யாராவது என்னைக் கேட்டால் நான் பொய் சொல்லத் தேவையில்லை. எனக்கும் தெரியாதே.

வேலையைத் தொடர்ந்தோம். முள்ளுக்குப் போகும் முனையை இரும்பில் தொட்டபோது முள் மெல்ல எழுந்து, கால், அரை, முக்கால் என்று ஏறி நிறைவில் போய் நின்றது. இந்த வீட்டுக்கு நான் வந்த காலத்தில் இருந்து அசையாத முள்! மகள் கத்தியே விட்டாள். இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, புது ரேப் சுற்றினேன். தாங்கிப் பொருத்தையும் கொழுவினோம். ஆனால் முள் 'ஈ'க்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. 20 லீற்றருக்கு அது காணாது. ஐயா சிரித்தார். "இவ்வளவு காலம் சும்மா கிடந்தது உள்ளுக்க துருப்பிடிச்சிருக்கும். தாங்கியை இறக்கத்தான் வேணும்."

தாங்கி இறக்குவது ஒரு நாள் வேலை. பற்றரியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றினோம். கீழே உள்ள ஆணியைத் திறந்து 20 லீற்றரையும் மூடியுள்ள கான்களில் பிடித்து நிழலில் தூர வைத்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி ஜக்கைத் தாங்கிப் பிடிக்க, பட்டிகளைக் கழற்றி இறக்கினோம். மிதவையை வெளியே எடுத்தபோது கம்பி துருவால் இறுகியிருந்தது. மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே எண்ணெய் சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த மிதவை மிதக்காது. அதைச் சுடுதண்ணீருக்குள் அமிழ்த்தியபோது ஓரிடத்தில் குமிழி வந்தது. ஓட்டை அங்கேதான். உள்ளே இருந்த எண்ணெயை வடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மணம் முழுதாகப் போன பிறகே நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோய் ஈயம் ஒட்டுவித்தேன். பெற்றோல் மணம் இருக்கும்போது நெருப்புக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. இதைத் தயவுசெய்து மறக்கவேண்டாம். வெறும் தாங்கிதான் நிறைந்த தாங்கியை விட ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் இருப்பது ஆவி. பத்தர் காசு வாங்கவில்லை. "பெற்றோல் வண்டிக்கு நகை செய்தது இதுதான் முதல் தரம்" என்றார்.

உரசும் தகட்டை மென்மையான துணியால் துடைத்தேன். புது வாசர் போட்டுப் பூட்டினோம். தாங்கியை ஏற்றிய பிறகு, பிடித்து வைத்த அதே பெற்றோலை ஐந்து ஐந்து லீற்றராக விட்டு, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை மகள் கொப்பியில் கீறினாள். ஐந்து லீற்றருக்கு முள் 'ஈ'யை விட்டுக் கொஞ்சம் எழும்புகிறது. 20 லீற்றருக்கு அரைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பழைய முள் துல்லியமாகக் காட்டாது, ஆனால் எங்கள் முள் எப்படிக் காட்டும் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கடை போட்டோம். கிழமைக்கு 20 லீற்றருக்குள் எந்த ஊருக்குப் போகலாம், எதை விடவேண்டும் என்று முள்ளைப் பார்த்தே திட்டமிட்டோம். பூநகரி வீட்டுக்கு ஐந்து லீற்றர் மண்ணெண்ணெயும் ஒரு பை ஒடியல்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2023 செப்ரெம்பரில் கியூ.ஆர். முறை நிறுத்தப்பட்டது. வரிசையும் போனது. கொப்பி எழுதுவதை நான் நிறுத்தவில்லை.

சகோதரிகளே, நான் மெக்கானிக் அல்ல. ஒரு வயரும் ஒரு மிதவையும் பற்றி மட்டும் தெரிந்த பெண். ஆனால் "உது ஆம்பிளையளின்ர வேலை" என்று பூட்டி வைத்திருந்த ஒன்றைத் திறந்து பார்த்ததால், இருட்டுத் தெருவில் இனி நிற்கமாட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படிப் பூட்டிக் கிடக்கும் மோட்டாரோ தையல் இயந்திரமோ இருக்கலாம். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். கையை நீங்கள் வையுங்கள்.

வயரில் இருந்து கழற்றிய பழைய ரேப் துண்டுகள் இரண்டும் கொப்பிக்குள் இருக்கின்றன, அவருடைய எழுத்து முடியும் பக்கத்தில். அதற்குக் கீழே அன்றைய திகதியைப் போட்டு, "மீற்றர் வேலை செய்கிறது. 20 லீற்றர் இருக்கிறது" என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் வந்தால் முதலில் அந்தக் கொப்பியைத்தான் எடுத்துப் பார்ப்பார்.